செவுள் சிவப்பு

ஐந்து வாங்கினேன், ஒன்று முப்பத்தெட்டு வெள்ளி.
பாசிப்பயறைவிடச் சற்றே பெரிய குப்பிகள்,
மூன்று கால், நெற்றியில் கண்ணாடி.
கையெழுத்து வாங்கிய தபால்காரர்
பொட்டலத்தைக் குலுக்கிப் பார்த்து
மருந்தா என்று மலாயில் கேட்டார்.

முதலாவது என் அவசரத்தால் செத்தது.
மின்சாரத்தைத் திறந்துவிட்டு
அதற்குப் பிறகு கம்பியைத் தொடவைத்தேன்.
கபாசிட்டருக்குள் காத்திருந்ததெல்லாம்
ஒரே மூச்சில் அதன்மேல் விழுந்தது.
புகை இல்லை. டப்பென்று ஒரு சத்தம்கூட இல்லை.

இரண்டாவது,
ரெண்டே நிமிஷம்தானே என்று
வெறும் உடம்போடு ஏற்றியது.
சூடு ஏற ஏற ஒளி இறங்கியது.
இறங்குகிறதே என்று நான் இன்னும் கொடுத்தேன்.
இன்றும் எரிகிறது அது,
அரிசிக் குக்கரின் சின்ன விளக்கு மாதிரி,
முனை மழுங்கி, யாரையும் சுடாமல்.

பகலெல்லாம் செம்பனை ஆலையில்
கொதிகலனோடு வேகிறவன்
ராத்திரி வந்து
ஒரு பயறுக்கு விசிறி வீசுகிறான் என்று
தேவகுமாரி தன் தோழிகளிடம் சொல்லியிருக்கிறாள்.
அவளுக்குக் கூலிம் சிப்பு ஆலையில் இரவு வேலை.
மணிக்கட்டில் கட்டும் நிலமின் பட்டையொன்றை
அவள்தான் கொண்டுவந்து போட்டாள்,
சிரித்துக்கொண்டே.

எதுக்குண்ணே இதெல்லாம்?
கோயில் திருவிழாவுக்கு என்றேன் ஒருநாள்.
மரப்பலகையில் பேர் பொறிக்க என்றேன் இன்னொரு நாள்.
இரண்டுமே பொய்.

மூன்றாவதற்கு எல்லாம் செய்தேன்.
ஆ கியோங்கின் பழைய இரும்புக் கடையில்
கிலோ ஐந்து வெள்ளிக்கு அலுமினியத் துடுப்புகள்.
வெள்ளைப் பசை, கட்டைவிரலால், மெல்லிசாக.
அடியில் பெல்டியர் தகடு,
அதன் சூட்டை வாங்கிக்கொள்ள
மீன் தொட்டிப் பம்பும் ஒரு வாளித் தண்ணீரும்.
பேராசையில்
பன்னிரண்டு டிகிரிவரை இறக்கினேன்.
லென்சுக்கு வேர்த்துவிட்டது.

பாடாங் செராயில் காற்றே பாதி தண்ணீர்.
நாலு மணி மழை விட்ட பிறகு
பின்பக்கச் செம்பனைக் காட்டிலிருந்து ஈரம் வந்து
குளிர்ந்ததெல்லாம் தன்னுடையது என்கிறது.
இருபத்தாறில் நிறுத்தினேன்.
துடைத்தேன். காயட்டும் என்று
ஒரு குவளை மைலோ குடித்தேன்.

சன்னலில் அட்டை, அட்டைக்கு மேல் கம்பளி.
எதிர்ச் சாலையில் ஆலைப் பேருந்துகள் போகும்,
தவறிய ஒரு கோடு போதும்
ஓட்டுநர் கண்ணுக்கு.
பிறகு கண்ணாடியை மாட்டினேன்.
பச்சையும் நீலமும் கலந்த அந்தக் கண்ணாடிக்குள்
வீட்டிலிருந்த சிவப்பெல்லாம் செத்துப்போனது.
வாளி கறுப்பு. மின்சாரப் பில்லின்
எச்சரிக்கை எழுத்து கறுப்பு.
முருகன் படத்துச் சேவலின் கொண்டை கறுப்பு.

நூறு. நூற்றைம்பது.
இருநூறு மில்லி ஆம்பியரில்தான்
அது விளக்காக இருப்பதை விட்டது,
மீட்டர் சொன்னது, நானல்ல.
சுவரோரம் கரி பூசி நிறுத்திய இருபது காசில்
வெப்பமானியின் முள்
மெதுவாக ஏறத் தொடங்கியது.
ஐந்நூறு. எழுநூறு.
கறுப்பு ஒட்டுநாடா கருகும் வாடை.
எண்ணூற்றைம்பது. இரண்டு புள்ளி மூன்று வோல்ட்.
துடுப்பில் கைவைத்தேன், வெதுவெதுப்பு.
பம்பு கொடகொடவென்றது.

இந்தத் தாமானிலேயே ஆகச் சிவந்த சிவப்பு
என் கையெட்டும் தூரத்தில்.
எனக்குத் தெரிந்ததோ ஒரு முள்ளும்
கொஞ்சம் நாற்றமும்.

அண்ணே,
வேலைக்குக் கிளம்பிய தேவகுமாரி
கதவுக்கு வெளியே நின்றுவிட்டாள்.
அடியில செகப்பா கசியுது.

உள்ளே வராதே.
வரல.
எப்படி இருக்கு?

ரொம்ப நேரம் பேச்சில்லை.
காலைப் பசாரில் தினம் மீன் வாங்குகிறவள்,
விரலால் தூக்கிப் பார்த்து, முகர்ந்து,
பேரம் பேசியே வாங்குகிறவள்.

புதுக் கெம்போங் மீனைத் தூக்கிப் பார்த்தா
உள்ள செவுள் இருக்கும்ல, அப்படி.
அதுல பொடிப்பொடியா என்னமோ ஊருது.
தலைய ஆட்டுனா அதுவும் ஆடுது.

ஹார்ன் அடித்தது. செருப்புச் சத்தம் ஓடியது.

முதலில் மின்னோட்டம் பூஜ்யம்,
அப்புறம் மின்சாரம், கடைசியில் பம்பு,
இந்த வரிசையில் அணைத்தேன்.
நோட்டில் தேதி, ஆம்பியர், வோல்ட், டிகிரி.
குறிப்பு என்று ஒரு கட்டம் போட்டிருந்தேன்,
இதுவரை அதில் இரண்டு தடவை
செத்தது என்றே எழுதியிருந்தேன்.
கண்ணாடியைக் கழற்றி
சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்து எழுதினேன்:
கெம்போங் மீன். புதுசு.